கடற்கரையா, தெற்கா?

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு. எங்கே புள்ளி வைப்பது என்று தெரியாமல் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போவேன். பத்திரிகைப் பிள்ளைகள்தான் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறார்கள். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. மலையிலிருந்து ஆவடிக்குச் சாமான் ஏற்றி வந்த லாரியில் ஆட்டுக்கல் உடைந்துபோனது என்று போன வாரம் எழுதியிருந்தேன். ஆட்டுக்கல் உடையவில்லை. நேற்றுக்கூட அதன்மேல் முறத்தைச் சாத்தி வைத்தேன். உடைந்தது ஊறுகாய் ஜாடி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்றைக்குச் சொல்லப்போகும் காலை மட்டும் அப்படியே இருக்கிறது. கடற்கரை ரோடு. எதிர்க்காற்று. உதட்டை நக்கினால் உப்பு. பல்கலைக்கழகத்தின் பெரிய இரும்புக் கேட்டுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர், எங்கள் மகள் செல்வி, பின்னால் நான். செல்விக்கு அன்று அங்கே நேர்முகத் தேர்வு.

கேட் ஓரம் காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் நின்றார். கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். அதன் வாயைத் திறந்து விரித்தார். காலை அகட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி நின்றார்.

வாட்ச்மேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னா நைனா? இன்னா ஆச்சு? யார்னா மிரட்னாங்களா?"

இவர் கையை இறக்கவில்லை.

"யோவ், இது இன்னா ஜெயிலா? காலேஜுப்பா. கைய எறக்கு, கைய எறக்கு."

பின்னால் நாலைந்து பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன், "மாமே, பெருசு சரண்டர் ஆயிடுச்சுடா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

செல்வியின் காது இரண்டும் சிவந்துபோயின. "அப்பா, கையக் கீழ போடுங்க. எல்லாரும் பாக்காங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கையை இறக்கினார். பையை மூடி எடுத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே நடந்தார்.

தீப்பெட்டி வைத்திராத மனிதர்

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நீங்களும் அந்தப் பையன்களோடு சேர்ந்து சிரிப்பீர்கள்.

நீலகிரி மலையில் வெடிமருந்து செய்கிற ஃபேக்டரி ஒன்றில் அவர் வேலை பார்த்தார். மருந்து இருக்கிற இடத்தில் ஒரு தீக்குச்சி போதும், மலையே போய்விடும் என்பார்கள். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரையும் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். தீப்பெட்டி இருக்கிறதா, பீடி இருக்கிறதா என்று இடுப்பு, சட்டைப்பை, தலைப்பாகை எல்லாம் பார்ப்பார்கள். வெளியே வரும்போது வேறு தடவல். எதையாவது எடுத்துக்கொண்டு போகிறார்களா என்று. இவர் பீடி சிகரெட்டைக் கையால் தொட்டவரில்லை. வீட்டில் விளக்கேற்றக்கூட என்னிடம்தான் தீப்பெட்டி கேட்பார். ஆனாலும் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை கையைத் தூக்க வேண்டும். கல்யாணமாகி நான் மலைக்குப் போவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

அது பழகிப் பழகி, கேட்டும் காக்கிச் சட்டையும் சேர்ந்து கண்ணில் பட்டால் கை தன்னாலே மேலே போய்விடும். ஒருமுறை ஊரில் சொந்தக்காரர் கல்யாணம். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க ஒரு சின்னப் பெண். பக்கத்தில் காக்கிச் சட்டையோடு பேண்டு வாத்தியக்காரர்கள். இவர் போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். அது பயந்துபோய்ப் பன்னீர்ச் செம்பை அப்படியே அவர் தலையில் கவிழ்த்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

கடற்கரை கேட்டில் அவர் சிரிக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

மலையை விட்டு இறங்கியது

அவருக்கு ஆவடி ஃபேக்டரிக்கு மாற்றல் வந்தபோது செல்வி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் முன்னால் வந்தோம். குவார்ட்டர்ஸ் கிடைக்க வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் கோவில்பதாகையில் ஒரு வாடகை வீடு.

மலையில் கம்பளிக்குள் இருந்த உடம்பு. இங்கே மாசி மாதத்திலேயே சிமெண்டுத் தரையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதன்மேல் படுத்தேன். அரைத்து வைத்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கி வழிந்தது. வாசலுக்குப் போனால் தெரிந்த முகம் இல்லை. எனக்குப் புது ஆட்களோடு பேச வராது. மளிகைக் கடையில்கூட முன்னால் நிற்பவர் என்ன கேட்கிறாரோ அதையே எனக்கும் கேட்டு வாங்கி வந்துவிடுவேன். அப்படி ஒரு வாரம் வேண்டாத கருவாட்டை வாங்கி வந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு நாகம்மாதான் என்னைப் பேச வைத்தாள். அவளுடைய ஆட்கள் ஒரு காலத்தில் ஏரிக்குக் கீழே அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். வயலெல்லாம் மனையான பிறகு அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்வந்தாள். வேலை விட்டு வந்ததும் நேரே எங்கள் சமையல்கட்டுக்குள் வந்து தண்ணீர் மொண்டு குடிப்பாள்.

"இன்னாக்கா, நீ வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா? கொட்டுனா நான் பொறுக்கிக்கிறேன், பேசு" என்பாள்.

செல்வி பரீட்சை முடித்து வந்து சேர்ந்தாள். மூன்று வருஷமாக விருந்தாளிபோல வந்து போன பெண், இப்போது வீட்டில் இருந்தாள். குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கதவின்மேல் போடுவாள். கோபப்படுவதுபோல எடுத்துக் கொடியில் போடுவேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள், மேலே படிக்கப் போகிறேன் என்று.

"என்ன படிப்பு?" என்றார் அவர்.

"குற்றவியல்ப்பா."

சோற்றுக்குள் போன கை நின்றது. "குத்தமா?"

"குத்தம் ஏன் நடக்குது, செஞ்சவங்கள என்ன செய்யணும், ஜெயில்ல இருந்து வெளிய வந்தவங்க எப்படிப் பொழைப்பாங்க, அதெல்லாம்."

"இதுக்கெதுக்குப் படிப்பு? திருடன் திருடுதான். போலீசு புடிக்கி. முடிஞ்சுபோச்சு."

"அவ்வளவுதானாப்பா?"

"வேற என்ன இருக்கு?"

"அதத்தான் ரெண்டு வருசம் படிக்கணும்."

கோயம்புத்தூரில் ஹாஸ்டலிலிருந்து காலேஜுக்குப் போகிற வழியில் ஜெயில் மதில் உண்டாம். உள்ளே இருப்பவர்களைப் பார்க்க மனுப் போட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வெயிலில் காத்து நிற்கும் பெண்களை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நாகம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "திருட்டுக்கெல்லாம் படிப்பு கீதா? எங்க ஊட்டுக்காரரு என் சுருக்குப் பையாண்ட படிக்காமயே பட்டம் வாங்கிகீறாரே!"

இவருக்கு வேறு பயம். ஃபேக்டரியில் சேரும்போது, உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர். மகள் படிப்புக்காக ஜெயிலுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்வந்தால் அதை ஆபீசில் சொல்லி அனுமதி வாங்க வேண்டுமோ என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். "உம் பொண்ணு ஜெயிலுக்குப் போறாளா, காலேஜுக்குப் போறாளா? மொதல்ல அத முடிவு பண்ணிக்கினு வா அண்ணாத்தே" என்று மேஸ்திரி சொல்ல, அந்த வாரம் முழுக்கக் கேண்டீனில் இவரை எல்லாரும் விசாரித்திருக்கிறார்கள்.

ஆற்றில் ஒரு கால்

அந்தக் காலத்தில் இந்தப் படிப்பு இருந்த இடங்கள் குறைவு. செல்வி இரண்டு இடங்களுக்குப் போட்டிருந்தாள். ஒன்று கடற்கரையில் இருப்பது. ஆவடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்துப் போகலாம். தினமும் ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று தெற்கே, எங்கள் சொந்த ஊர்ப் பக்கம். அங்கே இவருடைய அண்ணன் வாத்தியாராக இருந்தார். அவர் வீட்டில் தங்கிப் படிக்கலாம். அங்கே செல்விக்கு இடம் கிடைத்தும்விட்டது. அசல் சர்டிபிகேட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி.

சிக்கல் அங்கேதான். அசல் சர்டிபிகேட்டுகளை ஓரிடத்தில் கொடுத்தால் படிப்பு முடிகிறவரை அவர்கள்தான் வைத்திருப்பார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருக்க முடியாது.

செல்விக்குக் கடற்கரைதான் ஆசை. அங்கேதான் முதல் வருஷத்திலிருந்தே ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் நேரே கூட்டிக்கொண்டு போவார்களாம். எனக்கும் அதுவே ஆசை. என் காரணம் படிப்பில்லை. அந்த ஈரத் துண்டு.

இவர் இரண்டுக்கும் சம்மதம் என்றுதான் இருந்தார். "அங்கயும் போய்ப் பாப்போம்" என்று லீவு போட்டு, சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு, அவர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டுக்குள் நுழையும்வரை சம்மதமாகத்தான் இருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே

உள்ளே போனதும் இவர் எங்களோடு கட்டடத்துக்கு வரவில்லை. "நீங்க போங்க" என்று தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். நான் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் தலைக்கு மேலே ஜன்னல். புழுக்கத்துக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. எழுந்து தள்ளிப் போகலாம்தான். எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன்.

பாதிக்கு மேல் இங்கிலீஷ். எனக்குப் புரியவில்லை. பிறகு ஓர் அம்மாள் குரல் தமிழில் கேட்டது. "எல்லாரும் சமூகத்துக்குச் சேவைன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீ அத சொல்லாத. உனக்கு எதுக்கு இந்தப் படிப்பு?"

 மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது. ஜெயில் மதில் கதையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இப்ப வர்றப்போ, உங்க கேட்ல எங்கப்பா கையத் தூக்கிட்டு நின்னாங்க மேடம்" என்றாள் செல்வி.

நான் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன்.

"யாரும் தூக்கச் சொல்லல. தன்னாலே தூக்கிட்டாங்க. ஃபேக்டரில தினமும் தடவிப் பாப்பாங்க. அது வேணுந்தான், இல்லன்னா வெடிச்சிரும். ஆனா ஒரு தப்பும் செய்யாத மனுசன் கை, சொல்லாமலே மேல போகுதுன்னா, அது எப்படி மேடம்? அப்ப ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்க கை என்ன செய்யும்? எனக்கு அது தெரியணும். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கையக் கீழ போடுங்கன்னு அப்பாவ அதட்டிட்டேன். சிரிச்சவங்கமேல வரவேண்டிய கோவம் அப்பாமேல வந்துருச்சு. அதுவும் ஏன்னு தெரியணும்."

 நான் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். மரத்தடியில் இவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

மத்தியானமே வராந்தாவில் பேர் படித்தார்கள். செல்வி பேர் இருந்தது. திங்கட்கிழமைக்குள் அசல் சர்டிபிகேட்டுகளைக் கொண்டுவர வேண்டும், பெற்றோர் வந்தாலும் போதும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள்.

திரும்பும் ரயிலில் இவர் சொன்னார். "தெக்கயே போவட்டும்."

"அப்பா, இங்கதான் எடம் கெடச்சிருச்சே!"

"அங்கயுந்தான் கெடச்சிருக்கு."

"அப்ப ஏம்ப்பா?"

"ரயிலு கூட்டமா இருக்கு."

அந்த நேரத்தில் பெட்டியில் எங்களைச் சேர்த்து எட்டுப் பேர் இருந்தால் அதிகம். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

சாயங்காலம் கை கால் கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அப்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணன் வாத்தியாரு. காலேஜு வாசல்ல எப்படி நிக்கணும்னு அவனுக்குத் தெரியும். அவன் போய் நின்னா பிள்ளைக்குக் கேவலமா இருக்காது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகள் தன்னால் தலைகுனிந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். படிப்பு பிடிக்காமல்தான் அப்பா தள்ளிவிடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரிடம் கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதெல்லாம் உப்பு போதுமா, வெந்நீர் வைக்கவா என்பதுதான். வேறு பேச்சு எடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பூக் கேட்டேன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் கடற்கரை, சிவப்பு வந்தால் தெற்கு. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் அரளி. சிவப்பு.

எனக்கு அழுகை முட்டியது.

"சரி, இன்னொரு தபா கேளு" என்றாள் நாகம்மா.

"சாமிகிட்ட அப்படியெல்லாம் கேக்கக்கூடாது."

"ஏன் கேக்கக்கூடாது? ரேஷன் கடையில அரிசி இல்லன்னு சொன்னா ஒரு தபாவோட திரும்பிட்டா வர்ற?" என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "இன்னாக்கா விசயம்? ஒயுங்கா சொல்லு."

ஜன்னலில் கேட்டதை அவளிடம் சொன்னேன். கோயில் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"த்தோடா! இத உன் ஊட்டுக்காரராண்ட சொல்றத வுட்டுட்டு, அம்மனாண்ட வந்து பூ கேட்டுகினு கீற? அம்மனா அந்த ஜன்னலாண்ட குந்திகினு இருந்துச்சு? நீதானே இருந்த? அது, அதுக்குத் தோன்னத சொல்லிச்சு. உனக்குத் தெரிஞ்சத நீ சொல்லு."

பேசின் பிரிட்ஜுக்கு முன்னால்

திங்கட்கிழமை இவர் அரை நாள் லீவு போட்டிருந்தார். அண்ணனுக்குத் தெரிந்தவர் ஒருவர் எழும்பூரில் மத்தியான வண்டிக்குத் தெற்கே போகிறார். அவரிடம் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவர் கவரைப் பையில் வைத்தார்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"சும்மாத்தான்."

ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணனூர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அண்ணனூர் வந்தது, போனது. திருமுல்லைவாயிலில் கொய்யாக் கூடையோடு ஓர் அம்மாள் ஏறிக் கதவோரம் உட்கார்ந்தாள். அம்பத்தூரில் கூட்டம் ஏறியது. கூட்டத்தில் எப்படிச் சொல்வது? சென்ட்ரலில் இறங்கிவிட்டால் எழும்பூர் ஒரு பக்கம், கடற்கரை ஒரு பக்கம். பெரம்பூரும் தாண்டிவிட்டது. பேசின் பிரிட்ஜுக்கு முன்னால், வழக்கம்போல வண்டி சிக்னலுக்காக நின்றது. எதிரே ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேசினால் அவருக்கு மட்டும்தான் கேட்கும் என்று வாயைத் திறந்தேன்.

"செல்வி உங்களப் பத்தித்தான் உள்ள சொன்னா" என்றேன்.

"என்ன?"

"கையத் தூக்குனீங்கள்ல, அத. அதனாலதான் இதப் படிக்கேன்னு சொன்னா."

"என்னளா சொல்லுத? காதுல விழல."

நான் கத்தினேன். வராந்தாவில் கேட்டதை ஒன்றுவிடாமல், அவள் சொன்னதுபோலவே கத்தினேன். பாதியில் கூட்ஸ் வண்டி போய் முடிந்துவிட்டது எனக்குத் தெரியவில்லை. "அப்பாவ அதட்டிட்டேன், சிரிச்சவங்கமேல வரவேண்டிய கோவம் அப்பாமேல வந்துருச்சுன்னு அழாத குறையா சொன்னா" என்று நான் கத்தியபோது பெட்டி முழுக்க அமைதி. எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எல்லார் முன்னாலயுமா சொன்னா?"

"ஆமா. பெரிய பெரிய ஆளுங்க முன்னால."

அவர் தன் கை இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தார். "தன்னால போவுதுன்னா சொன்னா?" என்றார். "நான் வேணும்னு தூக்குதேன்னுலா இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்."

கதவோரத்துக் கொய்யாக்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா, இன்னும் யோசன பண்ணிகினு கீற? பொண்ணு எந்தக் காலேஜுன்னு சொல்லுச்சோ அங்க சேத்துட்டு வருவியா! அக்கா தொண்ட கட்டிப்போச்சு பாரு" என்று ஒரு கொய்யாவை என் மடியில் போட்டாள். பெட்டியே சிரித்தது. இவரும் சிரித்தார்.

சென்ட்ரலில் இறங்கினோம். எழும்பூர்க்காரருக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "வரலன்னு தெரிஞ்சா அவரு வண்டி ஏறிப் போவாரு" என்று சொல்லிவிட்டு, கடற்கரைப் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

கேட்டில் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் ஆகவில்லை. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்டூலில் ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் செல்வி பக்கத்தில் போய் நின்று, "குடுத்தாச்சு" என்றார். அவள் சுவரைப் பார்த்தபடியே "சரி" என்றாள்.

"கடக்கரையிலதான் குடுத்தாச்சு."

எழுந்து உட்கார்ந்தாள். "யாரு சொன்னா?"

"உங்கம்மா பேசுனா."

"அம்மாவா? எங்க வச்சு?"

"பேசின் பிரிட்ஜு தாண்டுததுக்குள்ள, ஊருக்கே கேக்குத மாதிரி."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் உலை வைக்க உள்ளே போய்விட்டேன்.

முதல் நாள்

காலேஜ் திறந்த அன்று சாயங்காலம், காய் வாங்கப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு ஆவடி ஸ்டேஷனுக்குப் போனேன். அவளுக்கு வழி தெரியும். நான் போக வேண்டிய அவசியம் இல்லை. பிளாட்பாரத்தில் ஒரு தூண் பக்கமாக நின்றேன். ஒரு வண்டி வந்தது, அவள் இல்லை. இன்னொரு வண்டி, அதிலும் இல்லை. அம்பத்தூர் கம்பெனிகளிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிப் போனார்கள். வேர்வையும் கனகாம்பரமும் கலந்து ஒரு வாசனை.

மூன்றாவது வண்டியா, நான்காவது வண்டியா தெரியவில்லை. லேடீஸ் பெட்டியிலிருந்து செல்வி இறங்கினாள். கூட மூன்று பெண்கள். வண்டிக்குள்ளேயே ஆரம்பித்த சிரிப்பு போலிருக்கிறது, இறங்கியும் நிற்கவில்லை. ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். செல்வி அவள் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டேன். அவர்கள் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். கொஞ்சம் இடம் விட்டு, நானும் பின்னாலேயே வீடு வரைக்கும் நடந்து போனேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கிட்டத்தில் வைத்துக்கொள்ளத்தானே அந்தப் பாடு பட்டேன். நான் சமையல்கட்டுக்குப் பின்வாசல் வழியாக நுழைந்தபோது, "எங்கம்மா போயிட்ட? காய் எங்க?" என்றாள். கடை அடைத்துவிட்டான் என்றேன்.

இதில் எனக்குச் சில சந்தேகங்கள். அந்த நாளில் ஆவடி பிளாட்பாரத்தில் கூரை இருந்ததா, நான் நின்றது தூணா, விளக்குக் கம்பமா? கடற்கரை கேட் அப்போது இரும்புக் கேட்தானா? தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அவர் இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தச் சாயங்கால வண்டியில், லேடீஸ் பெட்டியில், செல்வியோடு இறங்கிய மூன்று பெண்களில் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அன்றைக்கு எதற்கு அப்படிச் சிரித்தீர்கள்? செல்வியிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அவளுக்கு ஞாபகம் இருக்காது. அவளுக்கு அது காலேஜிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு நாள், அவ்வளவுதான்.